உப்புக்காற்றில் ஒரு ரோஜா ஜெரேனியம்

எங்கள் கடலோர ஊரான கீழக்கரையில் ஜெரேனியம் செடி வளருமா என்று யார் கேட்டாலும், எந்த மாதத்தில் வாங்கப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மே மாத விடுமுறையில் கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போய், இலையைக் கசக்கி முகர்ந்து மயங்கி, பிளாஸ்டிக் பையில் செடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர். மலைக்குளிரில் இருந்ததைக் கச்சான் என்கிற சூடான மேல்காற்று வீசும் மொட்டைமாடியில் வைத்தால் அது என்ன செய்யும், பாவம்? கொஞ்ச நாளில் குச்சிதான் மிஞ்சும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வாங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் வேர் பிடித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

நர்சரியில் ஜெரேனியம் என்று கேட்டால் பெரும்பாலும் சிவப்பு, ரோஸ் நிறத்தில் கொத்துக்கொத்தாய்ப் பூத்த செடியைத்தான் காட்டுவார்கள். அது பூவுக்காக வளர்ப்பது. நாம் தேடுவது இலை மணக்கும் வகை. அதன் பூ சின்னது, அதற்காக யாரும் வளர்ப்பதில்லை. மணமெல்லாம் இலையில் உள்ள நுண்ணிய முடிகளில் இருக்கிறது, தொட்டால்தான் வெளியே வரும். எனவே வாங்கும் முன் ஒரு இலையைத் தேய்த்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் தோன்றிய இந்தக் குடும்பத்தில் எலுமிச்சை, ஆப்பிள், புதினா என்று பல மணங்கள் உண்டு. நம் கடற்கரைக்கு நான் சொல்வது ரோஜா மணமுள்ளது மட்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தைலத்துக்காகப் பயிரிட்டதும் இந்த வகைதான். சீட்டில் பெலார்கோனியம் கிராவியோலன்ஸ் என்று எழுதியிருக்கும், பல இடங்களில் சீட்டே இருக்காது. பட்டுப்போல் மெத்தென்ற இலையுள்ள புதினா வகையைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், நம் புழுக்கம் அதற்கு ஆகவே ஆகாது. கொசு விரட்டிச் செடி என்று விற்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். செடி சும்மா ஜன்னலோரம் நின்றால் கொசு போகாது. வலையைக் கழற்றிவிடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். வெயிலுக்குப் பயந்து நிழல்வலை கட்டுகிறவர்கள்கூடத் தண்ணீரைப் பற்றி யோசிப்பதில்லை. எங்கள் பக்கம் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர். தென்னை தாங்கும், ஜெரேனியம் தாங்காது. முதலில் இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகும், அப்புறம் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைப் பார்த்துவிட்டு, வெயிலில் காய்கிறது என்று நினைத்து இன்னும் ரெண்டு குவளை கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவார்கள். கதை முடிந்தது.

நல்ல தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கும் ஊரில் செடிக்கும் அதையே ஊற்றச் சொன்னால் உம்மா என்னை வீட்டைவிட்டே துரத்துவார். அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து, கொசு புகாதபடி துணிகட்டி மூடி வைப்பது. இரண்டாவது ஏசித் தண்ணீர். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான் அது, உப்பு அநேகமாக இருக்காது. கடலோரக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம், ராத்திரி முழுக்க ஓடினால் காலையில் வாளியில் நிறையவே இருக்கும். என் வீட்டுக்காரர் அதை வண்டி கழுவ எடுத்துப் போய்விடுகிறார் என்பதால் வாளியை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியே விடும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

எப்போது ஊற்றுவது? விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, காய விட்டு, அடித்துளை வழியாக வடியும்வரை காலையில் நன்றாக ஊற்றுவது நல்லது. அப்படி வடியும்போது மண்ணில் சேர்ந்த உப்பும் கொஞ்சம் கரைந்து போகும். வடிந்த தண்ணீரைத் தட்டில் தேங்க விடாமல் கொட்டிவிடுங்கள்.

தொட்டி மண்ணில் சுட்டதாக இருக்கட்டும், எட்டு முதல் பத்து அங்குல அகலம் போதும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. வாசலைத் தாண்டினால் மணல்தானே என்று கடல் மணலை அள்ளிப் போட வேண்டாம். தென்னை நார்க்கழிவும் கழுவாததாக இருந்தால் உப்புதான். கழுவிப் போட்டாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தைப் பிடித்துவைத்து வேரை அழுகச் செய்யும். நான் போடுவதே இல்லை. உரத்துக்கு நன்றாக மக்கிய ஆட்டு எரு ஒரு கைப்பிடி, தை மாதம் ஒருமுறை. தாராளமாகப் போட்டால் செடி மளமளவென்று நீண்டு வளரும், மணம் குறைந்துவிடும்.

வைக்கும் இடம் கிழக்குப் பார்த்திருக்க வேண்டும். காலை பத்து மணிவரை வெயில், அப்புறம் சுவரின் நிழல். அதே சுவர் கச்சானையும் தடுக்கும். அந்தக் காற்று கொண்டுவரும் சூடும் புழுதியும் இலையைச் சருகாக்கிவிடும். கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை, காலையில், நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடலாம். சாயங்காலம் கழுவினால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். மாசிக் கடைசியில் செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, சித்திரை வைகாசியில் எந்த உரமும் போடாமல் சும்மா விடுங்கள். அப்போது வளரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், உயிரோடு இருந்தாலே போதும்.

அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து, செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மண்ணை ஒட்டிய தண்டு கறுத்து மெத்தென்று ஆனால் அது அழுகல், அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். மேலே நல்ல கிளை இருந்தால் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதிச் செடியையும் மண்ணையும் வெளியே கொட்டிவிடுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டியில் சேர்க்கக் கூடாது.

அதனால்தான் வருஷாவருஷம் புதுக்குச்சி ஊன்றச் சொல்கிறேன். டிசம்பர், ஜனவரி அதற்கும் சரியான காலம். பூக்காத நுனிக்கிளையில் நான்கு அங்குலம், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாய் காயும்படி சில மணி நேரம் நிழலில் போட்டு வையுங்கள். பிறகு மணல் தூக்கலான மண்ணில் ஊன்றி, லேசாக ஈரம் காட்டி, நிழலில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். பிளாஸ்டிக் பையால் மூடச் சொல்லிக் காணொளிகளில் காட்டுகிறார்கள். நம் புழுக்கத்தில் மூடினால் குச்சி அழுகிவிடும். வேர் பிடித்த கன்றுகளில் ஒன்றைப் பக்கத்துத் தெருவில் லாத்தா (அக்கா) வீட்டில் கொடுத்து வைப்பேன். என் செடி போனாலும் அங்கிருந்து ஒரு கிளை கேட்டு வாங்கலாம்.

மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, வெயில் தாழ்ந்ததும் தெளித்தால் போதும். பூனை வளர்ப்பவர்கள் செடியை எட்டாத உயரத்தில் வையுங்கள். பூனைக்கும் நாய்க்கும் இந்த இலை ஆகாது.

சமையலுக்கு ரோஜா மண இலையை அளவாகப் பயன்படுத்தலாம், வேப்பெண்ணெய் தெளித்த செடியில் மட்டும் பறிக்காதீர்கள். சீனி டப்பாவில் நாலைந்து காய்ந்த இலையைப் புதைத்து வைத்தால் ஒரு வாரத்தில் சீனி மணக்கும். நான் வட்டலப்பம் என்கிற முட்டை இனிப்புக்குத் தேங்காய்ப்பாலை லேசாகச் சூடாக்கி, இரண்டு இலையைக் கசக்கிப் போட்டு, ஆறியதும் எடுத்துவிடுவேன். ஏலக்காயைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் சண்டை போடும். தொதல் என்கிற அல்வாவில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு உம்மா முறைத்த முறைப்பில் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.