கோடிங் இன்டர்வியூ: தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள்

"ஒரு எண் வரிசை இருக்கிறது. அதில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் 6 வரும்?"

சாஃப்ட்வேர் வேலைக்கான இன்டர்வியூவில் இப்படிக் கேட்டதுமே புரோகிராமை டைப் அடிக்கத் தொடங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கேள்வி வேண்டுமென்றே அரைகுறையாகத்தான் கேட்கப்படுகிறது. வரிசை அடுக்கப்பட்டிருக்கிறதா? ஒரே எண் இருமுறை வருமா? விடையே இல்லையென்றால் என்ன ரிட்டர்ன் செய்ய வேண்டும்? மொத்தம் எத்தனை எண்கள்? கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு நிமிடம் போதும்.

பதிலைப் பொறுத்துத் தீர்வே மாறிவிடும். ஏறுவரிசையில் இருந்தால் இரு முனைகளிலிருந்தும் பாயிண்டரை (எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று காட்டும் குறியை) நகர்த்தி வரலாம், கூடுதல் மெமரி தேவையில்லை. கலைந்து கிடந்தால் ஹேஷ் மேப், அதாவது பார்த்த எண்களைப் போட்டுவைத்துச் சட்டென்று தேடி எடுக்க உதவும் அட்டவணை. 50 எண்கள்தான் என்றால் லூப்புக்குள் லூப் போட்டு ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தாலும் குற்றமில்லை. 1 லட்சம் எண்கள் என்றால் அதே லூப் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது மௌனம். பரீட்சை ஹாலில் வாய் திறக்கக் கூடாது என்று பழகியே வளர்ந்தவர்கள் நாம். இங்கே அந்தப் பழக்கம் காலை வாரிவிடும். "எல்லா ஜோடியையும் பார்த்தால் நேரமாகும், பார்த்த எண்களை மேப்பில் வைத்தால் ஒரே சுற்றில் முடியும்" என்று யோசிப்பதை அப்படியே சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் புரியும். பேசினால்தான் நீங்கள் எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியும், கை கொடுக்கவும் முடியும். அவர் ஒரு குறிப்புத் தந்தால், பிடித்த வழியை விடமாட்டேன் என்று நிற்காதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, எழுதியதை ஓட்டிப் பார்க்காமலே "முடிஞ்சது சார்" என்பது. 3, 8, 5 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 6. முதல் எண் 3. அதை மேப்பில் போட்டுவிட்டு, 'மீதி 3 இருக்கிறதா' என்று தேடினால், இப்போது போட்ட அதே 3 கிடைத்துவிடும். ஒரே எண்ணை இருமுறை எண்ணித் தப்பான விடை! முதலில் தேடிவிட்டுப் பிறகு போட வேண்டும். இரண்டு வரிகளை இடம் மாற்றினால் தீர்ந்தது. ஒரு சிறு உதாரணத்தை வரிவரியாகக் கையால் ஓட்டியிருந்தால் நீங்களே பிடித்திருப்பீர்கள். நீங்களே பிடித்த பிழை பெரும்பாலும் உங்களுக்குச் சாதகம்தான்.

கேள்வி ஏற்கெனவே தெரிந்ததா? சொல்லிவிடுங்கள். இப்போதுதான் தோன்றியதுபோல் நடித்தால், "இதில் மூன்று எண்கள் வேண்டுமென்றால்?" என்ற அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தயாரிப்பிலும் இதே கோளாறுதான். நூற்றுக்கணக்கான கணக்குகளின் விடைகளை ராத்திரியெல்லாம் தனியாகப் படித்துத் தள்ளுகிறார்கள். அதைவிட, வாரம் இரண்டு நாள் ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து, 45 நிமிடம் அலாரம் வைத்து, ஆட்டோகம்ப்ளீட் இல்லாத வெறும் எடிட்டரில், சத்தமாகப் பேசிக்கொண்டே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை நீங்கள் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்காருங்கள்.