குறைந்த செலவில் ஸ்டேக்: துண்டைத் தேர்ந்தெடுப்பது முதல் டிப் எழுதுவது வரை

அமெரிக்காவின் நடுத்தர விலை ஸ்டேக் (சுட்ட மாட்டிறைச்சித் துண்டு) உணவகத்தில் முதன்முறை உட்கார்ந்தபோது என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன: எந்தத் துண்டு வேண்டும், எவ்வளவு வேக வேண்டும்? பட்டியலில் விலை குறைவாக இருந்த சிர்லாயினைக் காட்டி, இரத்தம் வடியக் கூடாது என்ற பயத்தில் ‘வெல் டன்’ (முழுக்க வெந்தது) என்றேன். வந்த இறைச்சியை மென்று முடிப்பதற்குள் தாடை வலித்துவிட்டது. உணவகத்தின் மீது பிழையில்லை. அந்த இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள். இத்தகைய உணவகங்களில் வெள்ளி, சனி மாலைகளில் நெடுநேரம் காத்திருக்க நேரிடும் என்பதால், காத்திருப்போர் வரிசையில் பெயரைக் கைப்பேசிச் செயலி வழியாகப் புறப்படும் முன்பே சேர்த்துவிடுவது நல்லது. நான் வாரநாள்களில் மாலை ஆறு மணிக்கு முன்பே போய்விடுகிறேன். அந்த நேரத்தில் சில உணவுகளுக்கு விலையைக் குறைக்கும் கிளைகளும் உண்டு. இந்த வகைச் சங்கிலி உணவகங்களில் லாங்ஹார்ன் 1981-இல் அட்லான்டாவிலும், அவுட்பேக் 1988-இல் ஃபுளோரிடாவின் டாம்பாவிலும் தொடங்கியவை. டெக்சஸ் ரோட்ஹவுஸ் பெயரில் மட்டுமே டெக்சஸ்காரர். 1993-இல் அது பிறந்தது நான் வசிக்கும் இந்தியானாவின் கிளார்க்ஸ்வில் நகரில். அந்த உணவகத்தில் இலவசமாக வரும் சூடான ரொட்டியையும் இலவங்கப்பட்டை வெண்ணெயையும் கண்டு மயங்கி வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டாம். குளிர்பானத்தையும் பொரித்த வெங்காயத்தையும் தவிர்த்துத் தண்ணீர் கேட்டாலே பில் கணிசமாகக் குறையும்.

அடுத்தது துண்டு. சிர்லாயின் கொழுப்புக் குறைந்தது, பெரும்பாலும் மலிவானது. ரிப்ஐ இறைச்சியின் ஊடே வெள்ளை நரம்புகளைப் போலக் கொழுப்பு ஓடுவதால் சாறும் சுவையும் மிக்கது. ஃபிலே, மாடு அதிகம் உழைக்காத தசையிலிருந்து வருவதால் மிக மென்மையானது. அதற்குரிய விலையும் கேட்பார்கள். பட்டியலில் காணும் எடை சமைப்பதற்கு முந்தையது: 6 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 170 கிராம், வெந்தபின் அதில் கால் பங்கு வரை குறையலாம். இரண்டு சைட் டிஷ்களுடன் ஒருவருக்கு அது போதும்.

இனி, என்னைத் தடுக்கிவிட்ட படி. தட்டில் வடியும் சிவப்பு நீர் இரத்தம் அன்று. மாட்டை வெட்டும்போதே இரத்தம் வடிக்கப்பட்டுவிடுகிறது. நாம் காண்பது தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீர். முழுத் துண்டு இறைச்சியை 145 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 63 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. உணவகங்களின் கணக்கில் இது மீடியத்தின் (நடுத்தர வேக்காட்டின்) மேல் எல்லையை ஒட்டி வரும். மீடியம் ரேர் (உள்ளே சிவப்பு மாறாத வேக்காடு) இதைவிடக் குறைந்த சூட்டில் எடுக்கப்படுவது. அரைத்த இறைச்சியில் மேற்பரப்புக் கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடுவதால் பர்கருக்கு 160 டிகிரி தேவை. ஸ்டேக்கின் கணக்கை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இளஞ்சிவப்பு அதிகம் தெரிவது பிடிக்காதவர்கள் சிர்லாயினை வெல் டன்னாகக் கேட்பதைவிட, சில டாலர் கூடக் கொடுத்து ரிப்ஐயை மீடியம் வெல்லாக (வெல் டன்னுக்கு ஒரு படி குறைவாக) கேட்பது மேல். கூடுதல் சூட்டில் அதன் கொழுப்பு உருகி இறைச்சியை உலர விடாமல் காக்கிறது. சிர்லாயின்தான் வேண்டுமென்றால் மீடியத்தைத் தாண்டாதீர்கள். ஐயம் இருந்தால் ஒரு படி குறைத்தே சொல்லுங்கள். வேகாததை மீண்டும் அடுப்பில் வைக்கலாம், வெந்துபோனதை என்ன செய்ய முடியும்?

தட்டு வந்ததும் ஓரத்தில் தொடங்காமல் நடுவில் வெட்டிப் பாருங்கள், ஏனெனில் வேக்காட்டின் உண்மை அங்கேதான் தெரியும். சரியில்லையெனில் பரிமாறுபவரிடம் தயங்காமல் சொல்லலாம். அவர்களே வெட்டிப் பார்க்கச் சொல்வதும் உண்டு. பிறகு இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கவனித்து அவற்றுக்குக் குறுக்காக வெட்டுங்கள். சிர்லாயினில் இதனால் வரும் வேறுபாட்டைப் பல் உடனே உணரும். சாஸ் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை, உப்பும் மிளகும் போதும். மீதமானால் டப்பா கேட்டு எடுத்துச் செல்லலாம். இங்கே அதில் கூச்சம் ஒன்றுமில்லை.

பட்டியல் விலையில் வரி சேர்ந்திருக்காது. இந்தியானாவில் மாநில விற்பனை வரி 7 சதவீதம். டிப் பெறும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே நிற்கிறது என்பதால், மேசைக்கு வந்து பரிமாறும் இடத்தில் டிப் என்பது ஏறக்குறைய கட்டாயம். வரிக்கு முந்தைய தொகையில் பத்தில் ஒரு பங்கை இரட்டிப்பாக்கினால் 20 சதவீதம் கிடைக்கும்: 24 டாலருக்கு 4.80. அட்டையைக் கொடுத்தபின் வரும் இரண்டு சீட்டுகளில் உணவகத்துக்கு உரியதில் டிப்பையும் மொத்தத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு மேசையில் வைத்துவிட்டு, மற்றதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் அவற்றை மாற்றி எடுத்து வந்துவிட்டேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர் ‘பிரைம் ரிப்’ கேட்டு, உள்ளெல்லாம் சிவப்பாக வந்ததைக் கண்டு திகைத்ததாக எழுதியிருந்தார். அது தணலில் தனித்தனியாகச் சுடும் ஸ்டேக் அன்று; பெரிய விலாத் துண்டை முழுதாக மெதுவாக வாட்டி, பிறகு அறுத்துப் பரிமாறுவது. அதிலுள்ள ‘பிரைம்’ என்ற சொல் அரசு இறைச்சிக்குத் தரும் உயர்தர மதிப்பீட்டைக் குறிப்பதாகவும் கொள்ள வேண்டாம். பன்றி இறைச்சி உண்ணாத இன்னொருவருக்குப் பச்சை பீன்ஸில் பேக்கன் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) கிடந்திருக்கிறது. பேக்கன் சேர்க்கப்படக்கூடிய சைட் டிஷ்களில் பீன்ஸும் மேலே பலவற்றைச் சேர்த்துத் தரும் ‘லோடட்’ உருளைக்கிழங்கும் அடங்கும். ஆர்டர் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.