வெனிஸ் காயலில் பாய் விரிப்பது எப்படி: முதல்முறை ஏறுபவர்களுக்கு

வெனிஸ் என்றதும் எல்லோருக்கும் கொண்டோலாதான் நினைவுக்கு வரும். அந்தக் காயலில் மீன் பிடித்தே பிழைத்தவர்களின் பாய்ப் படகுகள் வேறு. பழகுபவர்களுக்கு ஏற்றது சான்பியரோட்டா. பெல்லெஸ்ட்ரீனா தீவில் உள்ள சான் பியெத்ரோ என்ற மீனவர் ஊரின் பெயர் கொண்ட படகு இது. நீளம் ஆறேழு மீட்டர். காயலின் பெரும்பகுதியில் தண்ணீர் ஒன்றரை மீட்டர்கூட இராது. அதனால் அடிப்பாகம் தட்டை; படகு பக்கவாட்டில் நழுவாமல் தடுக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏராக்கட்டை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. காற்றைப் பார்ப்பதற்கு முன் ஓதத்தைப் பாருங்கள்
ஓதம் என்பது கடல்நீர் ஏறி வற்றுவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 1 மீட்டர் வித்தியாசம் வரும். நீர் ஏறும் நேரத்தில் கிளம்புங்கள். அப்போது சேற்றில் தட்டினால் சற்று நேரத்தில் படகு தானாக மிதந்துவிடும். வற்றும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரை கொசுக்கள்தான் துணை.

2. பாய்மரத்தை நடுங்கள்
மரத்தைப் பக்கங்களில் பிடித்து நிறுத்தும் இழுகயிறு எதுவும் இல்லை. பலகைத் துளை வழியே இறக்கி, அடியில் உள்ள குழியில் நிறுத்தினால் போதும். பாலங்களுக்கு அடியில் போக வேண்டிய படகு என்பதால் கழற்றுவதும் இதே அளவு சுலபம்.

3. பாயை ஏற்றுங்கள்
பாய் நான்கு மூலை கொண்டது. அதன் மேல்விளிம்பைத் தாங்கும் நீண்ட கழிக்கு நம் கடலோடிகள் சொல்லும் பெயர் பருமல். அதை மேலே இழுக்கும் கயிறு ஆஞ்சான். ஆஞ்சானைப் பருமலின் நடுவில் கட்டாதீர்கள். முன்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளிக் கட்டுங்கள். இந்தப் பாய்க்கு இத்தாலியில் 'வேலா அல் தெர்ட்சோ' என்று பெயர் வந்ததே அந்த மூன்றில் ஒன்றால்தான். நடுவில் கட்டினால் மரத்துக்கு முன்னால் பாய் அதிகமாகி, படகின் முகப்பான அணியம் காற்றுக்கு விலகி ஓடும்.

ஏற்றியபின் முன் கீழ்மூலையைக் கீழே இழுத்துக் கட்டுங்கள். விளிம்பில் சுருக்கம் தெரியக் கூடாது. பாயின் பின்மூலைக் கயிறான தாமானை மட்டும் எங்கும் கட்டிப்போடாமல் கையிலேயே வைத்திருங்கள். காற்று திடீரென்று அறைந்தால் விட்டுவிட வேண்டிய கயிறு அது.

காவியும் மஞ்சளுமாகத் தெரியும் பாய்களைப் பார்த்து வெறும் அழகு என்று நினைத்துவிடாதீர்கள். மண்நிறமிகளைப் பூசியது துணி மக்காமல் இருக்க. கியோஜ்ஜா ஊரின் பிரகோட்சோ என்ற மீன்பிடிப் படகுகளின் பாயில் குடும்பத்துக்கு ஒரு சின்னம் இருந்தது; வருவது யார் என்று கரையில் நிற்பவர்கள் தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

4. சுக்கானை இறக்குங்கள்
புதியவர்கள் பாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் படகின் சூட்சுமம் பின்னால் இருக்கிறது. சுக்கான் அகலமானது, படகின் அடிமட்டத்தைத் தாண்டி ஆழமாக இறங்கும். ஏராக்கட்டை செய்ய வேண்டிய வேலையையும் இதுதான் செய்கிறது. இது இல்லாவிட்டால் தட்டைப் படகு காற்று தள்ளும் பக்கமெல்லாம் நழுவும். ஆழம் குறைந்தால் சுக்கானைப் பாதி தூக்குங்கள். தூக்கிய அளவுக்கு நழுவல் கூடும் என்பதால், போக நினைக்கும் இடத்தைவிடச் சற்றுக் காற்று வரும் பக்கமாகவே முகம் வையுங்கள்.

5. திரும்புங்கள்
கால்வாய் ஓரங்களில் மரத்தூண்களைச் சேர்த்துக் கட்டி நட்டிருப்பார்கள், பெயர் பிரிக்கோலா. அவற்றைத் தாண்டினால் முழங்கால் ஆழம்தான். ஆகவே தூண் வரிசையை எட்டுவதற்கு முன்பே திரும்ப வேண்டும். ஒரு பக்க ஓட்டத்தில் பாய் மரத்தோடு ஒட்டிக்கொண்டு சற்று மடிந்து தெரியும். அது பிழையல்ல, விட்டுவிடுங்கள். திரும்பும்போது படகு பாதியில் நின்றுவிட்டால் வெட்கப்படாமல் துடுப்பை எடுங்கள். இங்கே முன்னோக்கி நின்றுகொண்டேதான் துடுப்புப் போடுவார்கள்.

6. கரை சேருங்கள்
அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி ஆஞ்சானைத் தளர்த்தினால் பருமலோடு பாய் படகுக்குள் இறங்கிவிடும். தலையைக் காத்துக்கொள்ளுங்கள். மீதித் தூரத்துக்குத் துடுப்பு. கரைச்சேறு கண்ணில் பட்டதுமே சுக்கானை முழுதாகத் தூக்கிவிடுங்கள். படகின் மற்ற எந்தப் பாகத்துக்கும் முன்னால் தரை தட்டுவது அதுதான்.