காபிக்காக ஒரு பயணம்: டர்பனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

போன மாதம் கோயில் அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற தம்பி, டர்பனுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "அக்கா, நீங்க எந்த ஊருக்குப் போனாலும் நல்ல காபி குடிச்சுட்டு வந்து சொல்றீங்க. எனக்கு மட்டும் மாலில் விக்கிற காபிதான் மாட்டுது. எப்படித் தேடுறீங்க?" என்று கேட்டார். போன இடத்தில் நின்றுகொண்டு நான் தேடுவதே இல்லை. கிளம்புவதற்கு முன்பே காபியை முதலில் எழுதிவிடுவேன், பார்க்கும் இடங்களும் தங்குமிடமும் அதைச் சுற்றி உட்காரும். வழியில் கிடைத்தால் குடிக்கலாம் என்று விட்டால் பெட்ரோல் பங்க் காபிதான் கிடைக்கும். அவருக்குச் சொன்னதையே இங்கே விவரமாக எழுதுகிறேன்.

1. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவில் காபி என்றால் பெரும்பாலான வீடுகளில் ரிக்காஃபி டப்பாதான். காபியும் சிக்கரியும் கலந்த இன்ஸ்டன்ட் தூள் அது. சிக்கரி கிழக்கு கேப் மாகாணத்தின் அலெக்ஸாண்ட்ரியா பக்கம் விளைகிறது. கும்பகோணத்து நாக்குக்குச் சிக்கரி பழகிய சுவை என்பதால் எனக்கு அதன்மேல் குறை எதுவும் இல்லை. ஆனால் நாம் இப்போது தேடுவது வேறு, ஸ்பெஷாலிட்டி காபி.

ஸ்பெஷாலிட்டி காபி என்பது கடைக்காரர் தானாக வைத்துக்கொள்ளும் பட்டம் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் சுவைத்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 80-ஓ அதற்கு மேலோ வாங்கிய கொட்டைக்குத்தான் அந்தப் பெயர் என்பது நீண்டகால வழக்கு. நல்ல கடையில் கொட்டை எந்த நாடு, எந்த வட்டாரம், எப்படிப் பதப்படுத்தியது, என்றைக்கு வறுத்தது என்பதெல்லாம் பொட்டலத்தின் மேலேயே இருக்கும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. ஊரில் காபிக்கொட்டை அரைக்கும் கடையில் நின்றவர்களுக்குப் பிளாண்டேஷன், செர்ரி, பீபெரி என்ற மூன்றும் பழக்கமான பெயர்கள். பிளாண்டேஷன் என்பது பழத்தோலை நீக்கி, கழுவிக் காயவைத்த அராபிகா. இங்கே பலகையில் 'வாஷ்டு' என்று எழுதியிருப்பார்கள். செர்ரி என்பது பழத்தோடு அப்படியே வெயிலில் காயவைத்தது. இங்கே அது 'நேச்சுரல்'. இந்த இரண்டும் புரிந்தால் பலகையில் பாதி புரிந்த மாதிரி.

2. கடையைத் தேடாதீர்கள், வறுக்கும் இடத்தைத் தேடுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மேப்பில் 'காபி' என்று போட்டு நட்சத்திரம் எண்ணுவது. அந்த நட்சத்திரத்தில் பாதி கேக்குக்கும் கடல் தெரியும் ஜன்னலுக்கும் போட்டது. அதற்குப் பதிலாக அந்த ஊரில் கொட்டையை வறுக்கிற ரோஸ்டரி எது என்று தேடுங்கள். ஒன்று கிடைத்தால் போதும். அங்கே போய், "உங்கள் கொட்டையை வாங்கி நன்றாகப் போடுகிற கடை வேறு எது?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல கடைகளில் முக்கால்வாசி இந்தக் கேள்வியில் கிடைத்தவை.

3. கடிகாரத்தையும் காலண்டரையும் பாருங்கள்

இங்கே காபிக்கடை காலை வியாபாரம். ஆறரை, ஏழுக்குத் திறந்து, பிற்பகல் மூன்று நான்குக்குள் மூடும் கடைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை திறக்காதவையும் உண்டு. நம் ஊரில் சாயங்காலம் நாலு மணிதான் காபி நேரம், அதே நினைப்பில் முதல் வருடம் ஒரு கடைக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். மூன்று மணி பத்து நிமிடம். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன, மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளோடு அதே வழியில் திரும்பி வந்தேன். அதிலிருந்து முந்தின நாளே கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்ப்பேன். நேரம் மாறினால் மேப்பில் ஏறுவதற்கு முன் அங்கேதான் வரும். சந்தேகம் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவேன்.

டிசம்பர் 16 விடுமுறை தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை ஜோகன்னஸ்பர்க் காலியாகிவிடும். பல சின்னக் கடைகள் மூடியிருக்கும். கேப் டவுனிலோ அதே நாட்களில் உட்கார இடம் கிடைக்காது. காபிக்கென்று போகிறவர்கள் இந்த மூன்று வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

4. ஒரு நாளைக்கு இரண்டு கடை, அதற்கு மேல் வேண்டாம்

இதில் நான் கறார். பட்டியலில் ஐந்து கடை இருக்கிறதே என்று ஐந்தையும் ஒரே நாளில் முடித்தால் மூன்றாவது கோப்பைக்கு மேல் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, ராத்திரி தூக்கமும் வராது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை சரி என்கிறார்கள். ஆனால் உள்ளே போனதில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். காலை ஏழரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, அத்தோடு சரி. சாயங்காலம் ஆசையாக இருந்தால் ரூய்போஸ் என்ற மூலிகை டீயில் போடும் ரெட் கப்புச்சினோ கேளுங்கள். அதில் காஃபீன் கிடையாது, குழந்தைகளும் குடிக்கலாம்.

நடுவில் சாப்பாடு முக்கியம். வெறும் வயிற்றில் கருங்காபி வேண்டாம். டர்பனில் இருக்கும் நாள் என்றால் மதியத்துக்குப் பீன்ஸ் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது காரத்தோடு வரும், அதற்குப் பிறகு காபியின் நுணுக்கம் நாக்குக்குப் பிடிபடாது. அதனால்தான் காபி எப்போதும் மதியத்துக்கு முன்.

5. வழியை அடுக்குங்கள்

முதல் பயணத்துக்குக் கேப் டவுன் போகாதீர்கள். பக்கத்திலேயே ஒரு காபித் தோட்டம் இருக்கிறது.

தெற்குக் கரையில் போர்ட் எட்வர்ட் பக்கம், டர்பனிலிருந்து சுமார் 160 கிலோமீட்டரில், 1984 முதல் பீவர் க்ரீக் தோட்டம் இருக்கிறது. காபி வழக்கமாக வெப்ப மண்டலத்துப் பயிர். இந்த இடமோ ஏறக்குறைய தெற்கே 31 பாகையில், அந்த எல்லைக்கு வெகு வெளியே. இந்து மாக்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம் கரையோரத்தைக் காப்பதால் பனி விழுந்து செடி கருகுவதில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், அங்கேயே வறுத்து, அங்கேயே போட்டுத் தருவார்கள். சிவந்த பழத்தைப் பறித்து விரலால் அழுத்தினால் வழுவழுவென்று இரண்டு கொட்டை வெளியே வரும். மேலே ஒட்டியிருக்கும் சதை நாக்கில் இனிக்கும். நாற்பது வருடம் காபி குடித்த என் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், அன்றைக்குத்தான் காபிப் பழத்தை முதல்முறையாகக் கையில் எடுத்தார். வீட்டுக்கு வரும்வரை அந்த இரண்டு கொட்டையும் அவர் கைக்குட்டைக்குள் இருந்தன. பழம் எப்போது பழுத்திருக்கும் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.

இரண்டாவது பயணம் N3 நெடுஞ்சாலையில். ஜோகன்னஸ்பர்க் வரை சுமார் 570 கிலோமீட்டர், ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். நூறு கிலோமீட்டர் தாண்டியதும் ஹாவிக். அங்கிருந்து கரீஸ் போஸ்ட் சாலையில் டெர்போடோர் ரோஸ்டரி இருக்கிறது, அதுதான் காலைக் காபி. பக்கத்திலேயே 1962 ஆகஸ்ட் 5 அன்று மண்டேலாவைப் போலீஸ் பிடித்த இடம். அதைப் பார்த்துவிட்டு மறுபடி சாலைக்கு வந்தால் மாலைக்குள் ஜோகன்னஸ்பர்க் போய்விடலாம்.

மறுநாள் காலை மில்பார்க்கில் 44 ஸ்டான்லி. பழைய தொழிற்கூடக் கட்டடங்களைக் கடைகளாக மாற்றிய வளாகம். உள்ளே பீன் தேர் ரோஸ்டரி. ஆப்பிரிக்கக் கொட்டைகள் மட்டுமே வாங்குகிறார்கள், விவசாயிகளுக்கு நியாய விலை கொடுத்து. எத்தியோப்பியா, கென்யா, ருவாண்டா என்று அருகருகே வைத்துக் குடித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. அங்கிருந்து வண்டியில் சில நிமிடத்தில் பிராம்ஃபோன்டைன் இடுகாடு. தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் துயில்கிறார். சிறையில் நோயுற்று, விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 16. ஜோகன்னஸ்பர்க் வரை போகும் தமிழர் அங்கே போகாமல் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம். பூ எடுத்துக்கொண்டு போங்கள்.

கேப் டவுன் மூன்றாவதாக இருக்கட்டும். நகரின் நடுவில் கடைகள் நெருக்கமாக இருப்பதால் பகலில் நடந்தே போகலாம். பியூட்டன்கான்ட் தெருவில் ட்ரூத் இருக்கிறது. இரும்புக் குழாயும் பல்சக்கரமுமாக அலங்கரித்த கூடம், நடுவில் பழைய பெரிய வறுக்கும் இயந்திரம். லண்டன் டெலிகிராஃப் பத்திரிகை இதை உலகின் தலைசிறந்த காபிக்கடை என்று எழுதிய பிறகு கூட்டம் அதிகம், எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிரீ தெருப் பக்கம் ரொசெட்டா. அமைதியாக ஒரே தோட்டத்துக் கொட்டையைச் சுவைக்க எனக்குப் பிடித்தது இதுதான்.

வண்டியைத் தெருவில் விட்டால் அதைப் பார்த்துக்கொள்ளும் காவலருக்கு (இங்கே 'கார் கார்டு' என்பார்கள்) கொடுக்க ஐந்து, பத்து ராண்ட் சில்லறை வைத்திருங்கள். பரிமாறுகிறவருக்குப் பத்து சதவீதமாவது டிப்ஸ் வழக்கம்.

6. கவுன்டரில் என்ன கேட்பது

முதல் கோப்பை ஃப்ளாட் ஒயிட், அதாவது எஸ்பிரெசோவில் சூடான பால் சேர்த்தது. பாலோடு குடித்தே வளர்ந்தவர்களுக்கு அது சுலபம், கடையின் கைப்பக்குவமும் அதில் தெரிந்துவிடும். இரண்டாவது கோப்பை பால் இல்லாத போர்-ஓவர், வெந்நீரைக் கையால் ஊற்றி வடிப்பது. "இன்றைக்கு எது நன்றாக வந்திருக்கிறது?" என்று காபி போடும் பாரிஸ்டாவிடமே கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமென்றால் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள்.

அவர் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கூம்பில் காகிதத்தை வைத்து, வெந்நீர் ஊற்றி அலசி, 15 கிராம் தூளைத் தராசில் நிறுத்துப் போடுவார். முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் நீர். கொட்டை புதிதாக வறுத்தது என்றால் தூள் அப்படியே பொங்கி எழுந்து, மேலே குமிழ் குமிழாக வெடிக்கும். உள்ளே தங்கியிருந்த வாயு வெளியேறுகிறது. பழைய கொட்டை சேறு மாதிரி அசையாமல் கிடக்கும். அரை நிமிடம் பொறுத்து, மெல்லிய தாரையாக வட்டமிட்டு ஊற்றி, 250 கிராம் வந்ததும் நிறுத்துவார். நம் பில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்கு இருபது நிமிடம் காத்திருக்கிறோமே, இங்கே மூன்று நிமிடம்.

சூடாக மடமடவென்று குடிக்காதீர்கள். ஆற ஆறத்தான் சுவை விரியும். சர்க்கரை போடாமல் மூன்று வாய் குடித்துப் பாருங்கள், பிறகு உங்கள் விருப்பம்.

பலகையில் சுவைக் குறிப்பாக பிளாக்கரன்ட், பெர்கமோட் என்று பழங்களின் பெயர் எழுதியிருக்கும். நாம் வளர்ந்தபோது தின்னாத பழத்தை நினைத்துக்கொண்டு சுவைக்க முடியாது. உங்கள் நாக்கின் சொல்லையே எழுதுங்கள். என் நோட்டில் கென்யா என்றால் 'களாக்காய்ப் புளிப்பு'. எத்தியோப்பியா நேச்சுரலுக்கு 'நன்றாகப் பழுத்த நாவல்'. எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே வட்டாரத்துக் கழுவிய கொட்டைக்கு 'எலுமிச்சைத் தோல், மூடி வைத்த மல்லிகை'. ஆறு மாதம் கழித்துப் புரட்டினாலும் அந்தக் கோப்பை நினைவுக்கு வந்துவிடுகிறது.

7. கொட்டை வாங்கித் திரும்புவது

கடைசிக் கடையில் வாங்குங்கள், முதல் கடையில் வேண்டாம். வண்டிச் சூட்டில் கிடந்தால் கெடும். பொட்டலத்தில் வறுத்த தேதி இல்லாவிட்டால் வைத்துவிடுங்கள். நேற்று வறுத்தது என்றாலும் அவசரப்பட்டுப் பொட்டலத்தை உடைக்க வேண்டாம், ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால் சுவை நிதானத்துக்கு வரும். உடைத்தபின் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். பிரிட்ஜில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

நம் பித்தளை பில்டருக்கு என்றால் நடுத்தர வறுவலைவிட ஒரு படி கூடுதலாகக் கேளுங்கள். இளம் வறுவல் பாலில் கரைந்து காணாமல் போகும், புளிப்பு மட்டும் மிஞ்சும். அரைப்பதை வீட்டில் செய்ய வழியில்லாதவர்கள், "எஸ்பிரெசோவைவிடக் கொஞ்சம் கொரகொரப்பாக" என்று சொல்லி அரைத்து, அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோவாக வாங்குங்கள். தூள் கொட்டையைப் போல நாள் தாங்காது.