உலோகத்தை வேகமாக அடித்து அளப்பது எப்படி: ஹாப்கின்சன் தண்டு, முதல் முறை செய்வோருக்கு

சிங்கப்பூரின் செலிட்டாரில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் ஆலை விமான இயந்திரங்களுக்கான டைட்டானிய விசிறி இதழ்களைச் செய்கிறது. பறக்கும்போது ஒரு பறவை வந்து மோதினால் அந்த இதழ் எவ்வளவு வளையும்? மெதுவாக அழுத்திப் பார்க்கும் இயந்திரத்திடம் இதற்கு விடை கிடையாது. வேகமாக அடித்தால் பெரும்பாலான உலோகங்கள் கூடுதலாக எதிர்த்து நிற்கும், சூடேறினால் இளகும். இரண்டும் சேர்ந்து வரும்போது அளக்க உதவுவதுதான், 1914இல் பெர்ட்ரம் ஹாப்கின்சன் தொடங்கி 1949இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி இரண்டு தண்டுகளாக மாற்றிய இந்த முறை. பொறுப்பாளர் உள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டும் செய்யுங்கள். வாயு அழுத்தத்தில் இரும்பு பறக்கிறது.

படி 1: தண்டுகள்

ஒரே அச்சில் இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகள், நடுவில் சோதனைத் துண்டு. நம் கணக்குக்குத் தண்டின் விட்டம் 16 மில்லிமீட்டர், நீளம் 1 மீட்டர். 300 மில்லிமீட்டர் நீள அடிதண்டு வாயுத் துப்பாக்கியிலிருந்து வந்து முதல் தண்டை மோதும். மோதலில் எழும் அழுத்த அலை எஃகில் விநாடிக்குச் சுமார் 5000 மீட்டர் ஓடும். அது அடிதண்டின் நீளத்தைப் போய்த் திரும்பும் நேரமே மோதலின் நேரம்: 120 மைக்ரோ விநாடி.

படி 2: திரிபு அளவிகள்

திரிபு என்பது நீளம் மாறும் விகிதம்; அதை மின்குறியாக்கும் சிறு தகடே திரிபு அளவி. ஒவ்வொரு தண்டின் நடுவிலும் எதிரெதிராக இரண்டு ஒட்டுங்கள். தண்டு வளைந்தால் ஒன்றின் பிழையை மற்றது நீக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் இந்தப் படியில் கவனம் வேண்டும். துடைத்த இரும்பை வெறுமனே விட்டு வைக்காமல் உடனே ஒட்டுங்கள், மேலே சிலிக்கோன் பூசுங்கள். மழைக்காலத்தில் ஒரு முறை பூச மறந்தேன். மறுநாள் மின்குறியைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்கவே இல்லை.

படி 3: துண்டு இல்லாமல் ஓர் அடி

பயிற்சிக்கு வந்த பாலிடெக்னிக் மாணவி கேட்டார்: "அண்ணா, துண்டே இல்லாமல் எதற்கு அடிக்கிறோம்?" இதை விட்டவர்களின் அளவை நான் நம்புவதில்லை. இரு தண்டுகளையும் நேருக்கு நேர் தொடவைத்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடியுங்கள். வேகத்தை அலை வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் திரிபு 0.001 வர வேண்டும்; திரும்பும் அலை ஏறக்குறைய இருக்கவே கூடாது. இருந்தால் தண்டுகள் நேராக இல்லை. சரிசெய்த பிறகே மேலே போங்கள்.

படி 4: துண்டு

8 மில்லிமீட்டர் விட்டம், 4 மில்லிமீட்டர் உயரம் உள்ள அலுமினியக் கலவை தொடங்க நல்லது. இரு முகங்களும் இணையாக இருக்கட்டும். மாலிப்டினம் டைசல்பைடு கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். தடவாவிட்டால் உராய்வு முகங்களைப் பிடித்துக்கொள்ளும்; துண்டு மிருதங்கம் போல நடுவில் உப்பும்.

படி 5: அடித்துக் கணக்கிடுதல்

இப்போது துண்டை நடுவில் வைத்து அடித்தால் அலையின் ஒரு பகுதி திரும்பும், மறுபகுதி கடந்து போகும். திரும்பிய அலை 0.0006, கடந்தது 0.0004 என்று வைப்போம். திரும்பியதன் இரு மடங்கை அலை வேகத்தால் பெருக்கித் துண்டின் உயரத்தால் வகுத்தால் திரிபு வீதம் விநாடிக்கு 1500. 120 மைக்ரோ விநாடியில் திரிபு 0.18. தகைவுக்கு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை), கடந்த அலையை எஃகின் விறைப்பைச் சொல்லும் யங் குணகத்தாலும் (200 கிகாபாஸ்கல்) தண்டுக்கும் துண்டுக்கும் உள்ள பரப்பு விகிதத்தாலும் (4) பெருக்குங்கள்: 320 மெகாபாஸ்கல். துண்டை எந்தக் கருவியும் தொடவில்லை. தண்டுகளே சாட்சி சொல்கின்றன.

படி 6: சூடு

துண்டைத் தனியே சிறு உலையில் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வெப்ப மின்னிரட்டையால் அளந்துகொள்ளுங்கள். குளிர்ந்த தண்டு தொட்டவுடன் சூடு இறங்கத் தொடங்கும். ஆகவே தண்டுகள் அடி விழுவதற்குச் சற்று முன்புதான் நெருங்க வேண்டும். அடியும் சூட்டைக் கூட்டும். உருமாற்ற வேலையில் ஏறக்குறைய 90 விழுக்காடு வெப்பமாகிறது என்று கொண்டால், படி 5இன் துண்டு தானாகவே சுமார் 20 டிகிரி ஏறியிருக்கும்.

பல வேகங்களிலும் சூடுகளிலும் இப்படி அளந்த எண்களைத்தான் உலோகத்தின் தகைவைத் திரிபு, திரிபு வீதம், சூடு ஆகியவற்றோடு இணைக்கும், 1983இல் வந்த ஜான்சன்-குக் சமன்பாட்டில் பொருத்துகிறார்கள்.

கடைசியாகத் துண்டை மைக்ரோமீட்டரில் வையுங்கள். கணக்குப்படி 3.28 மில்லிமீட்டர் வேண்டும். அதைவிடக் குறைந்திருந்தால் முதலில் அலைகளைச் சந்தேகியுங்கள்: அவை தண்டின் முனைக்குப் போய்த் திரும்பி வந்து அதே துண்டை மறுபடியும் அடித்திருக்கும்.