மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்

மனநோய்க்கு மாத்திரை தொடங்கிப் பத்து நாள். கொஞ்சம் தேறி வந்தவர் திடீரென்று பேசுவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கிறார், உடம்பு கட்டைபோல் இறுகிக் கிடக்கிறது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். நான் முதலில் சொல்ல நினைக்கும் தவறு இதுதான். விறைப்போடு காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்திருந்தால், அது மருந்தாலேயே வந்த ஆபத்தாக இருக்கலாம்.

நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்பது இதன் பெயர்; சுருக்கமாக என்.எம்.எஸ். அரிதுதான், ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. அந்தத் தடை மிஞ்சும்போது தசைகள் இறுகிச் சூட்டைக் கிளப்புகின்றன; உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியும் தடுமாறுகிறது. வியர்வை கொட்டும், நாடி வேகமாக ஓடும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். பெரும்பாலும் மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய முதல் இரண்டு வாரங்களில் வரும். பிறகும் வரலாம்.

பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருப்பது அடுத்த தவறு. இது கிருமியால் வரும் சூடு அல்ல, மாத்திரைக்குப் பெரிதாக அடங்காது. விறைப்புக்கு வழக்கமாகத் தரும் டிரைஹெக்சிஃபெனிடிலையும் நீங்களாகக் கூட்டாதீர்கள். அது வியர்வையைக் குறைத்து உடம்பை இன்னும் சூடாக்கும்.

அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல், அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே வெட்கப்பட்டு மனநோய் மருந்தை மறைப்பவர்கள் உண்டு. அப்புறம் டாக்டர் மூளைக்காய்ச்சலை மட்டும்தான் தேடுவார். மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். மனநோய்க்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியையும், வாந்திக்கு எடுத்த மெட்டோகுளோபிரமைடையும் சொல்லுங்கள். இரண்டாவதும் டோபமைனைத் தடுப்பதுதான்.

ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதியின் அளவைப் பார்ப்பார்கள். தசை சிதைந்தால் அது பல மடங்கு ஏறும், சிறுநீரகமும் அடிபடும். அதனால்தான் ரத்தக்குழாய் வழியாக நிறைய திரவம் ஏற்றி, உடம்பைக் குளிரவைக்கிறார்கள். தேவைப்பட்டால் லோரசெபாம், புரோமோகிரிப்டின், டான்ட்ரோலீன் தருவார்கள். சிலருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சையும் உதவும்.

குணமானதும் பழைய மாத்திரையை மறுநாளே தொடங்கக் கூடாது. முழுதும் தேறிய பின் குறைந்தது இரண்டு வாரமாவது விட்டு, வேறொரு மருந்தைச் சிறிய அளவில் தொடங்குவதே வழக்கம். மாதம் ஒருமுறை போடும் ஊசி எடுத்தவருக்கு இன்னும் காத்திருக்க வேண்டும்.

சரி, வெறும் கைநடுக்கம்தான், காய்ச்சலோ குழப்பமோ இல்லை என்றால்? அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் அளவைப் பற்றிப் பேசுங்கள்.