முற்பதிவில்லாப் பெட்டியில் இடம் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் இருந்து கொழும்புக் கோட்டை வரை ரயில் பாதை சுமார் 350 கிலோமீற்றர். எட்டு, ஒன்பது மணித்தியாலம் சாதாரணமாகப் பிடிக்கும். வெலிக்கந்தைக்கும் ஹபரணைக்கும் இடையில் யானைகள் பாதையைக் கடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைத்தால் இன்னும் நீளும். கல்ஓயாப் பக்கம் 2025 பெப்ரவரி 20ஆம் திகதி மீனகயா ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்ததும், ரயில் தடம்புரண்டதும் இந்தப் பாதையில் போய்வருகிற எல்லோருக்கும் தெரிந்ததே. இவ்வளவு தூரத்தையும் இருந்துகொண்டு போவதா, நின்றுகொண்டு போவதா என்பது ஆளில்லாத ரயில் மேடைக்கு வந்து நின்ற முதல் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. சண்டைகளில் பாதி பிறப்பதும் அப்போதுதான்.

முற்பதிவில்லாத டிக்கெட்டில் ஆசன இலக்கம் கிடையாது. யார் இருக்கிறாரோ அவருடைய இடம் அது. இன்னொருவருக்காக நீங்கள் ஒரு இடத்தை வைத்திருக்கிறீர்கள் என்றால், பக்கத்தில் நிற்கிறவர் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம். அதை உரிமை என்று நினைத்துப் பேசத் தொடங்குவதே முதல் தவறு. மற்ற எல்லாத் தவறும் அதில் இருந்துதான் கிளைக்கின்றன.

நிலையத்திலேயே இல்லாதவருக்கு இடம் வைப்பது

அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆட்கள் பஸ்ஸிலோ வானிலோ மட்டக்களப்புக்கு வந்துதான் ஏறவேண்டும். ஆகவே ஒரு குடும்பத்தில் ஒருவர் முந்தி வருவதும் மற்றவர்கள் வழியில் இருப்பதும் இங்கே வழக்கமான சங்கதி. முந்தி வந்தவர் எதிரெதிராக உள்ள இரண்டு இருக்கையையும் மறித்துக்கொண்டு, "வந்துட்டாங்க, கல்லடிப் பாலத்தடியில நிக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பாலத்தடியில் நிற்கிறவருக்காக, கண்ணுக்கு முன்னால் கைப்பிள்ளையோடு நிற்கிற ஒருவரை இருக்கவிடாமல் தடுப்பது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

நடைமுறையில் எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் அளவு இதுதான்: உங்கள் இடத்தைத் தவிர இன்னும் ஒரே ஒரு இடம். அதற்குரியவர் நிலையத்துக்குள் வந்துவிட்டவராக இருக்கவேண்டும். டிக்கெட் வரிசையில் நிற்கலாம், தண்ணீர் போத்தல் வாங்கப் போயிருக்கலாம், கழிவறைக்குப் போயிருக்கலாம். கார்ட் விசில் ஊதி ரயில் அசையும் வரை அவருடைய இடத்தை வைத்திருக்கலாம். அசைந்த பிறகும் ஆள் வரவில்லை என்றால் பையை எடுத்துவிடுங்கள். வேறு பெட்டியில் ஏறியிருந்தால் அவர் நடந்து வந்து சேர்வதற்குள் யாராவது அதில் இருந்துவிடக்கூடும். அதற்காக முறைப்படக்கூடாது.

அடுத்த நிலையங்களில் ஏறுகிறவர்களுக்கு வைப்பது இதைவிடச் சிக்கல். ஏறாவூர் கிட்டத்தான். ஏறாவூரில் ஏறப்போகிற வயதான ஒருவருக்கு ஓரிடம் என்றால், பக்கத்தில் உள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிட்டு வைத்திருக்கலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். வந்தாறுமூலையில் ஏறும் கூட்டாளிகள் ஆறு பேருக்கு ஒருவர் இடம் பிடிப்பதோ, வாழைச்சேனையில் ஏறும் குடும்பத்துக்கு ஒரு வரிசையையே மறிப்பதோ சரிவராது. பல்கலைக்கழக விடுமுறை தொடங்கும் நாட்களில் இது மிகவும் அதிகம். சேர்ந்து போகத்தான் வேண்டும் என்றால், இடையில் ஏறுகிறவர்கள் மட்டக்களப்புக்கே வந்து ஏறுங்கள். காலையில் புறப்படும் உதயதேவி ரயிலுக்கு இது கொஞ்சம் வெள்ளென எழும்பும் வேலைதான். ஆனால் யாரோடும் வாய் கொடுக்கத் தேவையில்லை.

யன்னலால் லேஞ்சி போடுவது

ரயில் இன்னும் நிற்கவில்லை, மேடையோடு ஊர்ந்து வருகிறது. கூடவே ஓடி, திறந்த யன்னலால் கையை விட்டு ஒரு லேஞ்சியை (கைக்குட்டையை) இருக்கையில் போடுவது பலருக்குப் பழகிப்போன வேலை. இதில் மூன்று பிழை இருக்கிறது.

முதலாவது உயிர்ப் பிரச்சினை. ஓடும்போது உங்கள் கண் யன்னலில் இருக்கும், காலில் இராது. மேடை விளிம்புக்கும் ரயில் மிதிபலகைக்கும் இடையில் ஒரு கால் போகும் அளவு இடைவெளி உண்டு. மேடையில் வைத்திருக்கும் சாமான் பெட்டியில் கால் தடக்கினால் விழுவது அந்தப் பக்கம்தான். பழைய பெட்டிகளில் யன்னல் ஷட்டரைத் தாங்கும் கொளுவி தேய்ந்திருக்கும். ஒரு குலுக்கத்தில் ஷட்டர் சடாரென்று கீழே விழும். கை உள்ளே இருந்தால் விரல் நசுங்கும். நின்ற ரயிலிலும் இதே ஆபத்து இருக்கிறது. யன்னல் ஓரத்தில் இருக்கிறவர்கள் ஷட்டரை முழுக்க உயர்த்தி, கொளுவி சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் முழங்கையை வைக்கவேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் இருத்துகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, லேஞ்சி எதையும் நிரூபிக்காது. ஒருவர் கதவால் ஏறி வந்து அந்த இருக்கையில் இருக்கும்போது துணி கீழே விழுந்திருக்கும், அல்லது அவருக்கு அடியிலேயே கிடக்கும். "நான் போட்டது" என்பீர்கள். "நான் காணல்ல" என்பார். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். பேப்பர், வெறும் போத்தல், தொப்பி எல்லாம் இதே கணக்குத்தான்.

மூன்றாவது, கதவால் ஏறியவர் வரிசையில் நின்று ஏறியவர். யன்னலால் போட்டவர் அந்த வரிசையைத் தாண்டியவர். இந்த இடத்தில் எங்கள் கருத்து தெளிவானது: ஆள் இருந்துவிட்டால் துணி தோற்றதாகவே எடுத்துக்கொள்ளவேண்டும்.

இதற்குப் பதிலாகச் செய்யக்கூடியது எளிது. இருவர் போகிறீர்கள் என்றால் ஒருவர் கைப்பை மட்டும் கொண்டு முதலில் ஏறட்டும், மற்றவர் பெரிய சாமான்களோடு மேடையில் நிற்கட்டும். ஏறியவர் இருக்கையில் இருந்துகொண்டு, பக்கத்து இருக்கையில் தன் கையை வைத்தபடி மற்றவருக்கு யன்னலால் குரல் கொடுக்கட்டும். சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு கதவில் நின்றால் பின்னால் பத்துப் பேர் மறிபடுவார்கள். கதவடியில் சாமான் வைப்பதும் இதே காரணத்தால் தவறு. தனியாகப் போகிறவர்கள் பெட்டியின் நடுப்பகுதிக்குப் போங்கள். எல்லோரும் கதவுக்குக் கிட்டவே இடம் தேடுவதால் நடுவில் உள்ள ஆசனங்கள்தான் கடைசியாக நிரம்பும்.

இன்னொன்று. காலை ரயிலில் வலப்பக்க யன்னலுக்குப் பலர் அடிபடுகிறார்கள். மட்டக்களப்பில் இருந்து வாழைச்சேனை வரை பாதை வடமேற்காகப் போவதால் காலை வெயில் அந்தப் பக்கம்தான் முகத்தில் அடிக்கும். இடப்பக்கம் சண்டையில்லாமல் கிடைக்கும்.

பையை ஆளாக இருத்துவது

பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போவது லேஞ்சியைவிட மோசம். அடையாள அட்டை, கைத்தொலைபேசி, காசு, மடிக்கணினி உள்ள பையை யன்னலால் எறிந்துவிட்டுக் கதவைச் சுற்றி வருவதற்குள் அது மற்றப் பக்கக் கதவால் இறங்கிப்போய்விடலாம். இடம் வைக்கத்தான் வேண்டுமென்றால் உடுப்புப் பையை வையுங்கள். பெறுமதியானது உங்கள் உடம்போடு இருக்கட்டும்.

ஆட்கள் நிற்கத் தொடங்கிய பிறகு எந்தப் பையும் இருக்கையில் இருக்கக்கூடாது. மேல் தட்டில் ஏற்றுங்கள், அல்லது இருக்கைக்குக் கீழே தள்ளுங்கள். மேல் தட்டில் பாரமானதை உள்பக்கமாகவும் படுக்கையாகவும் வைக்கவேண்டும். தயிர்ச் சட்டி, கருவாட்டுப் பொதி, எண்ணெய்ப் போத்தல் மூன்றையும் மேலே வைக்கவே கூடாது. கீழே இருக்கிறவரின் தலைக்கு நேரேதான் அது ஒழுகும். அரை டிக்கெட் எடுத்த பிள்ளைக்கு இருக்கை கொடுப்பது நியாயம். ஆனால் வயதானவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது சின்னப் பிள்ளையை மடியில் எடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆள் இல்லாத முற்பதிவு ஆசனத்தில் இருப்பது

முற்பதிவுப் பெட்டியில் ஓர் ஆசனம் மட்டக்களப்பில் வெறுமையாக இருந்தால் அது யாருக்கும் இல்லை என்று நினைக்காதீர்கள். பதிவு செய்தவர் பொலன்னறுவையில் ஏறலாம். அவர் வந்ததும் எழும்பவேண்டும். அதற்குள் முற்பதிவில்லாப் பெட்டியில் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடமும் போயிருக்கும். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டோடு இரண்டாம் வகுப்பில் இருந்தால் பரிசோதகர் தண்டம் எழுதுவார். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி ஆகிய நாட்களை ஒட்டிப் போகிறவர்கள், அதிலும் வயதானவரோ நோயாளியோ கூட வந்தால், இடம் பிடிக்கும் ஆட்டத்துக்கே போகாமல் பதிவு திறந்த உடனே ஆசனம் எடுத்துவிடுங்கள். கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒருவரை, இருக்க இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் எட்டு மணித்தியாலப் பயணத்துக்குக் கூட்டிப்போவது பெரிய கொடுமை.

கேட்கும் முறையில் வரும் தவறு

மற்றவருடைய பையை நீங்களாகத் தூக்கி மேலே வைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும், பிறகு அதில் ஏதாவது காணவில்லை என்றால் கேள்வி உங்களிடம்தான் வரும். முதலில் கேளுங்கள்: "அக்கா, இதுல ஆள் இருக்கா?" "ஓம் தம்பி, மகள் தண்ணி எடுக்கப் போனவ" என்றால் அதை நம்பிப் பக்கத்தில் நில்லுங்கள். ரயில் வெளிக்கிட்ட பிறகும் மகளைக் காணவில்லை என்றால் இரண்டாம் முறை, "அக்கா, பையை ஒருக்கா எடுக்கிறீங்களா? அவ வந்தா நான் எழும்புறன்" என்று கேட்கலாம். வந்தால் எழும்புவேன் என்ற சொல்லுக்குப் பிறகு மறுப்பவர்கள் மிகக் குறைவு. முஸ்லிம் பயணிகளிடம் "காக்கா", "ராத்தா" என்றும், வயதானவர்களிடம் "ஐயா", "அம்மா" என்றும் தொடங்கினால் பேச்சு சூடாகாது. "இது உங்கட அப்பன்ட ரயிலா" என்று தொடங்கினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பெட்டியே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

மறுத்தே நிற்கிறார் என்றால், ரயில் நிலையத்தில் நிற்கும்போதே கார்டிடம் சொல்லுங்கள். ஆனால் முற்பதிவில்லாப் பெட்டியில் யார் முந்தி வந்தார் என்று தீர்ப்புச் சொல்ல அவரிடம் எந்தப் பதிவும் இல்லை. பையை இறக்கச் சொல்லலாம், அவ்வளவுதான். இரவு ரயிலில் தனியாக வரும் பெண் தன் பக்கத்து இடத்தை இன்னொரு பெண்ணுக்காக வைத்திருந்தால் அதில் வாதாடவே வேண்டாம். வேறு இடம் பாருங்கள்.

இடையில் எழும்பிப் போகிறவருடைய இடம் அவருடையதுதான். கழிவறைக்கோ, மாகோவில் தேத்தண்ணி குடிக்கவோ இறங்கினால் பக்கத்தில் உள்ளவரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போய், திரும்பி வந்து கத்துவதுதான் தவறு. நின்று வருகிறவருக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையை மாற்றிக் கொடுக்கும் பழக்கம் இந்தப் பாதையில் இன்னும் இருக்கிறது. அதை வளர்க்கவேண்டும். இரவில் மூன்று பேர் இருக்கையில் ஒருவர் நீட்டிப் படுப்பது அதற்கு நேர் எதிரானது. எழுப்பிக் கேட்பதில் பிழையில்லை.

பஸ்ஸிலும் விமானத்திலும்

கல்முனையில் இருந்து கொழும்புக்குப் போகும் தூர பஸ்களில் ஆசனத்தைத் தொலைபேசியில் சொல்லி வைப்பவர்கள், எந்தத் தரிப்பிடத்தில் ஏறுவோம் என்பதையும் ஆசன இலக்கத்தையும் சேர்த்துக் கேட்டு எழுதிவைக்கவேண்டும். "முன்னுக்கு ஒரு சீட்" என்று மட்டும் சொல்லி வைத்தால் அதே சீட் இன்னொருவருக்கும் சொல்லப்பட்டிருக்கும். முன்வரிசையில் மதகுருமாருக்கென்று எழுதிய ஆசனத்தில் இருப்பவர், அவர்கள் ஏறினால் கேட்கும் முன்பே எழும்பவேண்டும்.

ஆசன இலக்கம் இல்லாமல் ஆட்களை ஏற்றிய பெரிய விமான நிறுவனம் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட். 1971இல் பறக்கத் தொடங்கிய அது ஏ, பி, சி என்று மூன்று குழுவாகப் பிரித்து, குழுவுக்குள் 1 முதல் 60 வரை வரிசை இலக்கம் கொடுத்து ஏற்றியது. இடம் வைப்பதைப் பற்றி மட்டும் தெளிவான விதி எதுவும் வைக்கவில்லை. ஏ குழுவில் ஏறிய ஒருவர் சி குழுவில் வரும் நாலு பேருக்கு வரிசையை மறித்து, நம் ரயிலில் நடக்கும் அதே தகராறு அங்கேயும் நடந்தது. 2026 ஜனவரி 27ஆம் திகதி முதல் அங்கேயும் ஆசன இலக்கம் வந்துவிட்டது. கட்டுநாயக்கவில் இருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களின் ஏறும் அட்டையில் ஆசன இலக்கம் இருக்கும். சேர்ந்து இருக்கவேண்டுமென்று மற்றவர் ஆசனத்தில் முந்திப்போய் இருந்துகொண்டு மாற்றம் கேட்காதீர்கள். உங்கள் இடத்திலேயே இருந்து, அவர் வந்த பிறகு கேளுங்கள். யன்னல் ஓரத்துக்கு யன்னல் ஓரம், நடைபாதை ஓரத்துக்கு நடைபாதை ஓரம் கொடுக்க முடிந்தால் மட்டும் கேளுங்கள். நடு ஆசனத்தைக் கொடுத்து யன்னலைக் கேட்டால் மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. சில வேளைகளில் உணவுக்கும் காலுக்குக் கூடிய இடத்துக்கும் அவர் தனிக் காசு கட்டியிருப்பார். சேர்ந்து போகவேண்டிய குடும்பம் டிக்கெட்டை ஒரே பதிவில் எடுத்து, விமான நிலையக் கவுண்டரில் முதலிலேயே சொன்னால் பெரும்பாலும் அங்கேயே சரிசெய்து தருவார்கள்.